‘குறுக்கீடு’ என்னும் சொல்லும் ஒளியின் இயல்பும்

முன்னுரை

தமிழில் கலைச்சொற்களைத் தொகுப்போர் பலர். தொகுத்தவற்றை ஆராய்வோர் சிலரே. ஒரு செய்யுளில் அமைந்த சொல்லை எடுத்துக்கொண்டு, அஃது அவ்விடத்துப் பொருந்துமா, பிறிதொரு சொல் பெய்தால் பொருள் சிறக்குமா என்று நுணுகி நோக்கும் தமிழாசிரியர், இயற்பியல் நூலில் வரும் தமிழ்ச் சொல்லை அங்ஙனம் நோக்குவதில்லை. அது பிறர் துறை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆயின், சொல் தமிழ்ச் சொல்லாக இருக்கும்வரை அதன் பொருட்பொருத்தத்தை ஆராயும் கடமை தமிழ்த் துறைக்கும் உண்டு என்பதே எம் கருத்து.

இக்கட்டுரைக்குக் காரணமாய் அமைந்தது ஒரு மாணவரின் வினா. பள்ளியில் தமிழ்வழி இயற்பியல் பயின்று, கல்லூரியில் எம்மிடம் தமிழ்ப் பாடம் கேட்டுவந்த அவர் ஒருநாள் இவ்வாறு வினவினார்: “ஐயா, அழிவுக் குறுக்கீட்டு விளைவில் ஒளியோடு ஒளி சேர்ந்து அழிகிறது என்று படித்தோம். ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்றும் அதே நூலில் படித்தோம். இவ்விரண்டனுள் எது பொய்?” இரண்டும் பொய்யல்ல, ஆயினும் மாணவர் மயங்கியதில் வியப்பில்லை. அம்மயக்கம் இயற்பியலால் விளைந்தது அன்று, சொல்லால் விளைந்தது. அதனை எடுத்துக்காட்டுவதே ஈண்டு நோக்கம்.

சொற்கள் வந்த வழி

தமிழில் அறிவியற் சொல்லாக்கம் முறையாகத் தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. 1916ஆம் ஆண்டில் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வேங்கட சுப்பையரும் இதற்கென ஒரு சங்கம் நிறுவினர். 1936ஆம் ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சொல்லாக்க மாநாடு கூடியது. அதன் தலைவராக அமர்ந்தவர் விபுலானந்த அடிகள். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தாரின் ‘கலைச் சொற்கள்’ என்னும் தொகுப்பு 1938இல் வெளிவந்தது.

விபுலானந்தர் அத்தலைமைக்கு உரியவராக அமைந்தமைக்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பில் பிறந்த அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டம் பெற்றவர். 1922இல் மயிலாப்பூர் இராமகிருட்டிண மடத்தில் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டு, ‘இராமகிருஷ்ண விஜயம்’ இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானவர். ஒலியலைகளின் இயல்பறிந்து, பழந்தமிழ் இசைக்கருவியை ஆராய்ந்து அவர் இயற்றிய ‘யாழ்நூல்’ 1947இல் அரங்கேறியது. அறிவியலும் தமிழும் ஒருவரிடத்தே கூடினால் சொல்லாக்கம் எத்துணைச் சிறக்கும் என்பதற்கு அவர் சான்று. ஈழமும் தமிழகமும் ஒரே சொல்லாக்க அவையில் அமர்ந்த காலம் அது.

பின்னர் இரு நாடுகளும் தனித்தனி வழியிற் சென்றன. ஒளியலைகள் ஒன்றோடொன்று கூடும் நிகழ்ச்சியைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘குறுக்கீட்டு விளைவு’ என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் ‘தலையீடு’ என்கின்றன. ஒளி சிறு துளையினூடே சென்று விரியும் நிகழ்ச்சி இங்கே ‘விளிம்பு விளைவு’, அங்கே ‘கோணல்’. ஒரே மொழி பேசும் இரு நாட்டு மாணவரும் ஒருவர் நூலை மற்றவர் அகராதியின்றிப் படிக்க இயலாத நிலை இது. இவற்றுள் எது தக்கது என்பதைச் சொல்லின் தொன்மை கொண்டு முடிவு செய்யலாகாது. நிகழ்ச்சியின் இயல்பு கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுப்பர். கலைச்சொற்கள் பெரும்பாலும் காரணப் பெயர்களாகவே ஆக்கப்படுகின்றன. காரணப் பெயருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. இடுகுறிப் பெயர் பொருளைச் சுட்டுவதோடு அமையும். காரணப் பெயரோ பொருளை விளக்கவும் முற்படும். விளக்கம் பிழைபடுமாயின், பெயரைக் கேட்கும்போதெல்லாம் பிழையும் உடன் கேட்கப்படும்.

‘குறுக்கிடு’ என்னும் வினைக்கு இரு பொருள்கள் உள. ஒன்று, குறுக்கே வருதல், மற்றொன்று, தடைசெய்தல். ஒரு வழியை மற்றொரு வழி வெட்டிச் செல்வது முதற்பொருள். பிறர் பேசுங்கால் இடையே புகுந்து அவர் பேச்சை நிறுத்துவது இரண்டாம் பொருள். இன்றைய வழக்கில் இரண்டாம் பொருளே ஓங்கி நிற்கிறது. “குறுக்கிடாதே” என்று தாய் மகனைக் கடிந்துரைக்கும்போது, “கடந்து செல்லாதே” என்று எவரும் பொருள் கொள்ளார். “தடுக்காதே” என்றே கொள்வர். ‘தலையீடு’ என்பதோ இன்னும் ஒருபடி சென்று, தனக்கு உரியதல்லாத செயலிற் புகுதல் என்னும் பழியையும் ஏற்று நிற்கிறது.

இக்குறை தமிழில் மட்டும் தோன்றியதன்று. 1801ஆம் ஆண்டு இலண்டன் இராயல் கழகத்தில் தாமசு யங் ஒளியின் அலைக் கொள்கையை எடுத்துரைத்தார். அலைகள் கூடும் நிகழ்ச்சிக்கு அவர் ஆண்ட ஆங்கிலச் சொல்லும் தடை, இடையூறு என்னும் பொருள்களை உடையதே. அச்சொல்லைத் தமிழாக்கியோர் அதன் நிழலையும் சேர்த்துக் கொணர்ந்துவிட்டனர். மூலச்சொல்லின் பொருளைப் பெயர்ப்பதா, அச்சொல் குறிக்கும் நிகழ்ச்சியைப் பெயர்ப்பதா என்னும் வினா எழுந்தபோது, அவர்கள் சொல்லையே பெயர்த்தனர் எனலாம்.

நிகழ்ச்சி யாது?

நிகழ்ச்சியை அறிதற்கு ஆய்வகம் புக வேண்டுவதில்லை. மயிலைக் கபாலீச்சரத்தின் மேற்கே உள்ள திருக்குளத்தில், காற்றில்லாத வைகறையில், சற்று இடைவிட்டு இரு சிறு கற்கள் வீழ்வதாகக் கொள்வோம். இரு வட்ட அலைகள் எழுந்து பரவும், ஒன்றையொன்று சந்திக்கும். சந்திக்கும் இடத்தில் முகடும் முகடும் கூடினால் நீர் மிக உயரும். முகடும் அகடும் கூடினால் நீர் அசையாதது போல் தோன்றும். அதன்பின் நிகழ்வதே கருதத்தக்கது. இரண்டு அலைகளும் சந்தித்த இடத்தைக் கடந்து, ஒன்றையொன்று சந்தியாதவை போலத் தத்தம் வட்டம் குலையாமல் அக்கரை நோக்கிச் செல்லும். ஓர் அலை மற்றோர் அலையைத் தடுத்ததும் இல்லை, திருப்பியதும் இல்லை, அழித்ததும் இல்லை.

ஒளியும் இவ்வாறே ஒழுகுகிறது. இரு விளக்குகளின் ஒளிக்கற்றைகள் குறுக்கே வெட்டிக்கொண்டு செல்லினும் ஒன்றால் மற்றொன்று கெடுவதில்லை. ஓரிடத்தே கூடும்பொழுது மட்டும் அவற்றின் அசைவுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன. இதனை ‘மேற்பொருந்துதல்’ என்னும் சொல்லால் நம் பாடநூல்கள் வழங்குகின்றன. நிகழ்ச்சியின் உண்மை முழுவதும் இவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது. வியப்பு யாதெனில், அதே நூல்கள் அடுத்த பத்தியில் ‘குறுக்கீடு’ என்று தொடங்கி, முன்னர்க் கூறியதற்கு மாறான எண்ணத்தை மாணவர் உள்ளத்தில் விதைத்துவிடுகின்றன.

ஆயின், விளக்குகள் இரண்டு ஏற்றிய அறையின் சுவரில் ஒளியும் இருளுமாகிய பட்டைகள் ஏன் தோன்றவில்லை? அவ்விளக்குகளின் அலைகளிடையே நிலையான இசைவு இல்லை. அவற்றின் முகடுகளும் அகடுகளும் கணந்தோறும் முறைமாறிக்கொண்டே இருக்கும். அதனாற் பட்டைகளும் கணந்தோறும் இடம்பெயர்ந்து, கண்ணுக்குப் புலனாகாமல் கலந்துவிடுகின்றன. யங் இரண்டு ஒளிமூலங்களை நாடாது, ஒரே மூலத்தின் ஒளியை இரண்டாகப் பிரித்துக் கூட்டியமையின் பட்டைகள் நிலைத்து நின்றன. இவ்வாறு இசைந்து செல்லும் மூலங்களை ‘ஓரியல் மூலங்கள்’ எனத் தமிழ்நாட்டு நூல்கள் கூறும். இச்சொல் மிகத் தக்கது. நிகழ்ச்சியின் காரணத்தைப் பிழையின்றி உரைப்பது.

‘அழிவு’ என்னும் அடை

‘குறுக்கீடு’ என்னும் பெயரினும் அதற்கு முன் அமைந்த ‘ஆக்க’, ‘அழிவு’ என்னும் அடைகளே பெருங்கேடு விளைப்பன. மாணவரின் வினா பிறந்ததும் இவற்றினின்றே.

எளிய கணக்கொன்றால் இதனை விளக்கலாம். ஓரியல் அலைகள் இரண்டு. ஒவ்வொன்றும் தனித்து வந்தால் திரையில் ஒரு பங்கு ஒளிச்செறிவு தரும் என்க. இரண்டும் இசைந்து கூடும் இடத்தில் அலையின் வீச்சு இருமடங்காகும். ஒளிச்செறிவு வீச்சின் இருமடியைப் பொறுத்தது. ஆதலின் அவ்விடத்துச் செறிவு 2 பங்கு அன்று, 4 பங்கு. மாறுபட்டுக் கூடும் இடத்தில் செறிவு 0. திரை முழுவதற்கும் சராசரி காணின் 2 பங்கு. அஃதாவது, இரு அலைகளும் கொணர்ந்த ஒளியின் சரியான கூட்டுத்தொகை. இருண்ட பட்டையிற் குறைந்தது யாதோ அது ஒளிர்ந்த பட்டையிற் கூடியிருக்கிறது. ஒரு பாத்திக்குப் பாயும் நீரை மடை மாற்றி அடுத்த பாத்திக்கு விடும் உழவனை, நீரை அழித்தான் என்று எவரும் கூறுவதில்லை.

மற்றொரு சான்று நாள்தோறும் நாம் அணியும் மூக்குக்கண்ணாடியில் உள்ளது. தியாகராயநகர்க் கண்ணாடிக் கடைகளில் ‘ஆன்டி கிளேர்’ என்று சொல்லி விற்கும் வில்லைகளின்மேல் மெல்லிய பூச்சுகள் இடப்பட்டுள்ளன. பூச்சற்ற வில்லையின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டை எதிரொளித்துவிடும். பூச்சின் தடிப்பு, அதனுள் ஒளி கொள்ளும் அலைநீளத்தில் நாலில் ஒரு பங்காக இருப்பின், பூச்சின் மேற்பரப்பினின்று மீளும் அலையும் அடிப்பரப்பினின்று மீளும் அலையும் மாறுபட்டுக் கூடி, எதிரொளி நலிகிறது. பாடநூல் வழக்கில் இஃது ‘அழிவுக் குறுக்கீடு’. ஆயின் அதன் பயன் யாது? எதிரொளியாய்ப் புறம்போக இருந்த ஒளியும் வில்லையினூடே சென்று கண்ணை அடைகிறது. அழிவு என்று பெயரிட்ட நிகழ்ச்சியால் கண்ணுக்கு வரும் ஒளி மிகுகிறது. பெயரும் பயனும் இவ்வாறு நேர்மாறாக நிற்குமாயின், திருத்தம் வேண்டுவது பெயருக்கே.

மூன்றாவது சான்று மயில். உமையம்மை மயிலுருக் கொண்டு இறைவனை வழிபட்டதாகத் தலபுராணம் கூறும் ஊர் மயிலை. மயிலின் நீலமும் பச்சையும் சாயத்தால் அமைந்தவை அல்ல. அதன் தோகையை அரைத்துப் பொடியாக்கின் அந்நீலம் தங்காது. நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலிலேயே, மயிற்பீலியின் நிறம் மெல்லிய படலங்களின் நிறத்தோடு ஒத்தது என்று கருதினார். 2003இல் சீன நாட்டு ஆய்வாளர் நுண்ணோக்கியால் இதனை விளக்கினர். பீலியின் நுண்ணிழைகளில் மெலனின் என்னும் கரும்பொருளாலான நுண்கோல்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் இடைத்தொலைவு நீலப் பகுதியில் ஏறத்தாழ 140 நானோமீட்டர், பச்சையில் 150, மஞ்சளில் 165. அடுக்குகளினின்று மீளும் அலைகளுள் எந்நிறத்தவை இசைந்து கூடுகின்றனவோ அந்நிறம் நம் கண்ணுக்குப் பொலிகிறது. கரும்பொருளினின்று நீலம் பிறக்கும் இந்நிகழ்ச்சியைத் ‘தலையீடு’ என்றும் ‘குறுக்கீடு’ என்றும் அழைத்தால், மயிலின் அழகு ஏதோ ஓர் இடையூற்றின் விளைவு என்றன்றோ ஆகும்?

‘விளிம்பு விளைவு’ம் ‘கோண’லும்

இனி, இதனோடு தொடர்புடைய மற்றொரு சொல்லையும் நோக்குதல் வேண்டும். அதனை ஆராய்தற்குச் சென்னையே சிறந்ததோர் எடுத்துக்காட்டினைத் தருகிறது.

சேப்பாக்கத்துக் கடற்கரையை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரியில் சந்திரசேகர வேங்கட இராமன் மாணவராயிருந்த காலம். முப்பட்டகம் ஒன்றின் கோணத்தை அளந்துகொண்டிருந்தபோது, ஒளி மிகச் சாய்வாக விழுமிடத்தில் தோன்றிய பட்டைகள் இருபுறமும் ஒத்திராமையை அவர் கண்டார். அதனை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1906 நவம்பரில் இலண்டன் ‘பிலசாபிகல் மாகசீன்’ இதழில் வெளிவந்தது. அவருக்கு அப்போது அகவை பதினெட்டு. பிற்காலத்து நோபல் பரிசுக்குரிய ஆராய்ச்சி வாழ்வின் முதற்படி இதுவே.

பட்டைகள் ஒவ்வாமைக்குக் காரணம் எளியது. முப்பட்டகத்தின் முகம் சாய்வாக விழும் ஒளிக்கு ஒரு குறுகிய செவ்வகத் துளை போலாகிறது. முகத்தின் முழு அகலத்தினின்றும் எழும் அலைகள் மேற்பொருந்திப் பட்டைகளை ஆக்குகின்றன. பட்டைகளின் இடம் கோணத்தைப் பொறுத்ததன்று. கோணத்தின் சைன் மதிப்பைப் பொறுத்தது. பரப்பை ஒட்டிச் செல்லுந்தோறும் சைன் மதிப்பு மெல்ல மெல்லவே மாறுமாதலின், அப்பக்கத்துப் பட்டைகள் அகன்றும் மறுபக்கத்தவை குறுகியும் தோன்றுகின்றன.

இக்கட்டுரையின் தலைப்பைத் தமிழ்நாட்டு வழக்கில் மொழிபெயர்த்தால் ‘செவ்வகத் துளையால் தோன்றும் சமச்சீரற்ற விளிம்பு விளைவுப் பட்டைகள்’ என்றாகும். இதனைப் படிப்போர், துளையின் ஓரத்தில் ஏதோ நிகழ்வதாகவே கருதுவர். முழு அகலமும் பங்குகொள்வதை உணரார். ‘விளிம்பு விளைவு’ இடம்பற்றி வந்த பெயர். நிகழும் இடத்தைச் சுட்டுகிறதேயன்றி நிகழ்வதைச் சொல்வதில்லை. வினையாக வழங்குதற்கும் அது இடந்தருவதில்லை. ‘ஒளி விலகுகிறது’ என்பது போல், ‘ஒளி விளிம்புவிளைகிறது’ என்று எவரும் எழுத இயலாது. ஈழத்து வழக்கில் அத்தலைப்பு ‘சமச்சீரற்ற கோணற் பட்டைகள்’ என்றாகும். ‘கோணல்’ வினையாகும் தகுதியுடையது. ஒளி நேர்வழியினின்று வளைவதையும் உணர்த்துகிறது. ஆயின் இத்தலைப்பைப் படிப்போர், பட்டைகளே கோணலாயுள்ளன என்று கொள்வர். உண்மையில் அவை நேரானவை.

நடுநிலை தவறாமைப் பொருட்டு, ‘விளிம்பு விளைவு’க்குச் சார்பாகவும் ஒன்று கூறுதல் வேண்டும். நிழலின் ஓரத்துப் பட்டைகளுக்கு விளிம்பினின்று எழும் அலையே காரணம் என்று யங் முதலிற் கருதினார். பின்னர் வந்த பிரெனல், அலைமுகப்பின் ஒவ்வொரு பகுதியும் பங்குகொள்வதை 1818ஆம் ஆண்டு ஆய்வுரையில் நிறுவினார். ஆயினும், பிரெனலின் கணக்கையே விளிம்பலையின் கணக்காக மாற்றி எழுதலாம் என்பது இருபதாம் நூற்றாண்டில் காட்டப்பட்டது. ஆகவே, ‘விளிம்பு விளைவு’ முற்றும் பிழையான பெயர் அன்று. உண்மையின் ஒரு கூற்றை மட்டும் கூறும் பெயர்.

இதனினும் பெரியதொரு குறை இரு சொற்களுக்கும் பொதுவாக உள்ளது. இயற்பியலார் கருத்துப்படி இவ்விரு நிகழ்ச்சிகளும் அடிப்படையில் ஒன்றே. சில அலைகள் கூடினால் ஒரு பெயரும், பல அலைகள் கூடினால் மற்றொரு பெயரும் வழங்குவது வழக்குப் பற்றியதேயன்றிப் பொருள் வேறுபாடு பற்றியதன்று எனப் பெயின்மன் தம் விரிவுரைகளில் தெளிவாகக் கூறியுள்ளார். நம் சொற்களோ ஒன்றைக் குறுக்கே வருதல் என்றும், மற்றொன்றை ஓரத்தின் செயல் என்றும் பிரித்து, அவற்றின் உறவை மறைத்துவிட்டன.

மறுப்பும் விடையும்

இங்ஙனம் கூறுவதற்கு மறுப்புகள் எழலாம். இருண்ட பட்டையில் ஒளி இல்லை. ஆதலின் ‘அழிவு’ என்பது அவ்விடத்துக்குப் பொருந்துமே என்பது ஒன்று. இடத்துக்குப் பொருந்தும், ஒளிக்குப் பொருந்தாது. ஓர் இல்லத்தார் குடிபெயர்ந்தால் இல்லம் வெறுமையுறும். இல்லத்தார் அழிந்தார் என்பது பொருந்தாது.

ஆங்கிலச் சொற்களுக்கும் இக்குறை உண்டு. அம்மொழியினர் இடர்ப்படவில்லையே என்பது மற்றொன்று. அம்மொழியினரும் இதே ஐயத்தை எழுப்புவதுண்டு. பிறர் வீட்டுப் பழுதை நம் வீட்டிலும் அமைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

நெடுங்காலம் வழங்கிய சொற்களை மாற்றின் குழப்பம் மிகும் என்பது மூன்றாவது. இம்மறுப்பே வலிமை உடையது. பல தலைமுறை மாணவர் இச்சொற்களைக் கற்றுவிட்டனர். நூல்கள் பல அச்சாகிவிட்டன. ஆதலின் யாம் கூறுவது சொற்களை அறவே களைதல் அன்று.

முடிவுரை

மேற்கூறிய ஆராய்ச்சியால் பெறப்படுவன இவை.

‘குறுக்கீட்டு விளைவு’, ‘விளிம்பு விளைவு’ என்னும் பெயர்கள் நிற்கலாம். ஆனால் காரணப் பெயர்களாக அல்ல. நன்னூல் வழிநின்று கூறின், அவை காரண இடுகுறியாகக் கொள்ளத்தக்கன. அவற்றின் சொற்பொருளினின்று நிகழ்ச்சியை உணர முயல்வது வேண்டா என்று ஆசிரியர் முதற்கண்ணே அறிவுறுத்தல் வேண்டும். இரண்டனையும் விளக்கும் பொதுச்சொல்லாக ‘மேற்பொருந்துதல்’ முன்னிற்றல் வேண்டும். இலங்கை நூல்களிலும் இதனையொத்த சொல் வழங்குவதால், இரு நாட்டு மாணவரும் கூடும் பொதுவிடமாகவும் அஃது அமையும்.

‘அழிவு’ என்னும் அடையை மட்டும் நீக்கியே ஆதல் வேண்டும். ‘ஆக்கக் குறுக்கீடு’, ‘அழிவுக் குறுக்கீடு’ என்பவற்றின் இடத்தில் ‘வலுவுறு குறுக்கீடு’, ‘நலிவுறு குறுக்கீடு’ என வழங்கலாம். நலிதல் என்பது ஓரிடத்திற் குறைதலைக் குறிக்கும். இல்லாமற் போதலைக் குறியாது. ஓரிடத்து நலிந்தது பிறிதோரிடத்து வலுப்பெறும் என்னும் உண்மைக்கு இச்சொற்கள் இடந்தருகின்றன. மாற்றம் சிறிது, பழைய நூல்களைப் படிப்போர்க்கும் இடர் விளையாது.

அம்மாணவருக்கு யாம் அன்று கூறிய விடை நிறைவுடையதாக இல்லை. “இயற்பியல் ஆசிரியரிடம் கேள்” என்று அனுப்பிவிட்டோம். அவர் கேட்டது எம்மிடம் கேட்க வேண்டிய வினாவே என்பது பின்னரே புலனாயிற்று. ஒளி எங்கும் அழியவில்லை. அழிந்ததாகச் சொன்னது தமிழ். அதனைத் திருத்தும் பொறுப்பும் தமிழ் கற்பிப்போருக்கு உரியதே.